அம்மா தங்கச்சிக்கு நன்கொடை எழுதிய வீட்டை அண்ணன் விடமாட்டேன் என்கிறார். பெயர் மாற்ற என்ன வழி?

இலங்கையில் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் 20 பேர்ச் (காணி அளக்கும் அலகு) வளவு, அப்பா இல்லை, அம்மா இருக்கிறா, அண்ணன் அதே வீட்டில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சோலைவரியில் (சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பெயர் மாற்றத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். அது வரி கட்டுகிறவரின் பெயர், அவ்வளவுதான். உரித்து உறுதியில் (காணிப் பத்திரத்தில்) இருக்கிறது.

முதலில் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பதிவேடு) பாருங்கள். காணி அப்பாவின் பெயரில் இருந்து, அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், பொதுச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. (யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பமென்றால் தேசவழமை என்ற வழமைச் சட்டம், கணக்கு வேறு.) இரண்டு பிள்ளைகள் என்றால் அம்மா எழுதக்கூடியது 10 பேர்ச்சைத்தான், உறுதியில் முழுவதும் என்று எழுதியிருந்தாலும். தங்கச்சிக்கு 15, அண்ணனுக்கு 5. அண்ணனின் பக்கம் சாய்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், பங்கு அப்படித்தான் விழுகிறது. நகரப் பகுதியில் 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டைப் பிரிக்க வரைபட அனுமதி எடுப்பது கடினம். ஆகவே அந்த 5 பேர்ச்சுக்குக் காசு கொடுத்து விலையுறுதி முடிப்பதே சுகம். சரிவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்கு. அது வருடக்கணக்கில் இழுக்கும்.

காணி அம்மாவுடையதே என்றால் உறுதியைத் திரும்ப வாசியுங்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதாது. தங்கச்சி நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக வரியும் அவளின் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் அம்மா இருக்கும்போதே சரிசெய்யுங்கள். பிறகு நடத்தையை வைத்து ஏற்பை நிரூபிக்கலாம், ஆனால் அது வழக்குச் செலவு. அம்மா சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்திருந்தால் அவ இருக்கும்வரை அண்ணனைத் தங்கச்சி எழுப்ப முடியாது.

உறுதியை உடனே பதியுங்கள். பதியாமல் றங்குப்பெட்டியில் கிடந்தால், அதே காணிக்குப் பிறகு விலையுறுதி வாங்கிப் பதிந்தவர் முந்திக்கொள்வார்.

'அம்மாவைக் கூட்டிப்போய் ரத்து உறுதி எழுதுவேன்' என்று அண்ணன் மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. நன்றிகெட்ட தன்மையைக் காட்டி மீளப்பெற முடியாத நன்கொடையை ரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றக் கட்டளை வேண்டும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் மட்டும் கவனம்: 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீளப்பெற முடியாது என்று உறுதியில் எழுதியிருந்தால்தான் அது அப்படி.

இதற்குள் கனடாவில் இருந்து ஒருவர் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திடக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பி எல்லாரையும் குழப்புவார். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் செத்தது. அதை வைத்துக் காணி விற்க வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

பூட்டு உடைத்து ஆளை வெளியே போடாதீர்கள். இரண்டு மாதத்துக்குள் அண்ணன் விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லலாம், உறுதி யாரிடம் இருந்தாலும்.