கூட்டுறவால் மலைவாழ் சிறு விவசாயியின் வருமானம் உயருமா?

கேள்வி இது: பழங்குடிச் சிறு விவசாயிகளைக் கூட்டுறவாகச் சேர்த்தால் அவர்கள் கையில் கூடுதல் பணம் நிற்குமா, அல்லது எல்லாம் பெயர்ப் பலகையோடு முடிந்துவிடுமா?

இரண்டையும் பார்த்திருக்கிறேன். கொல்லிமலையில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான்.

முதல் ஆண்டு, வியாபாரியைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தருவோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, தராசும் சாக்குமாகக் காத்திருந்தோம். மாசி பிறந்தது, மிளகு வரவில்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கொடியில் இருந்த மிளகை முந்தைய ஆடியிலேயே விற்றிருந்தார்கள். காய்ச்சல், கூரை ஒழுகல், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று ஏதோ ஒன்றுக்கு முன்பணம் வாங்கிக் கொடியைக் குத்தகைக்கு விட்டாயிற்று. "நீங்கள் மாசியில் வருகிறீர்கள் தம்பி, அவர் ஆடியில் வந்துவிடுகிறார்" என்றார் ஓர் ஆயா. எங்கள் திட்ட அறிக்கை முழுவதிலும் அந்த ஒரு வரி இல்லை.

வியாபாரியைத் திட்டுவது சுலபம். ஆனால் பட்டா இல்லாதவருக்கு இரவில் கதவைத் தட்டினாலும் கடன் தருகிற ஆள் மலையில் அவர்தான். அந்த வேலையைச் சங்கம் எடுத்துக்கொள்ளாதவரை விலைப் பேச்சுக்கு அர்த்தமில்லை. அடுத்த ஆண்டு உறுப்பினர் சேமிப்பையும் ஒரு வங்கிக் கடனையும் சேர்த்து ஆடியில் சிறு கடன் கொடுத்தோம். பட்டா கேட்கவில்லை, யாரிடம் எத்தனை கொடி என்று பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியாதா என்ன? அந்த மாசியில் மூட்டைகள் வந்தன.

அதற்குப் பிறகுதான் நிறையும் தரமும். பச்சை மிளகு 3 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ நிற்கும். மண்தரையில் காயவைத்தால் கல்லும் பூஞ்சையும் சேரும். உதிர்த்த மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சுத்தமான தார்ப்பாயில் உலர்த்தினால் ஒரே சீராகக் கறுப்பாகும், சீக்கிரமும் காயும். வாங்குபவர் ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி எடை போடுவார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் வேறு விலை. எங்கள் உறுப்பினர்களில் பலர் இந்த 'லிட்டர் எடை' என்ற சொல்லையே கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கழிவுதான்: 50 கிலோ மூட்டைக்கு ஈரம், சாக்கு என்று வியாபாரிகள் 2 கிலோ பிடித்துக்கொள்வார்கள். சங்கத்தில் அந்தக் கழிவை எடுத்தோம். விலை ஏறாமலேயே அது 4 சதவீத வருமானம்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும், இல்லையென்றால் புளித்துச் சுவை கெடும். தனி விவசாயியால் அது ஆகாது. கூட்டாக ஓரிடத்தில் பதப்படுத்தினால் ஆகும். அங்குள்ள பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விளைவித்த காப்பிக்கு 2017-இல் பாரிஸில் கடையே திறந்தார்கள். 2019-இல் அரக்கு காப்பிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் பக்கத்து லேம்ப் சங்கங்கள், அதாவது பழங்குடியினருக்கான பெரிய பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், 1970-களில் ஒன்றிய அரசு அமைத்த பாவா குழுவின் பரிந்துரைப்படி கடன், இடுபொருள், விற்பனை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் தருவதற்காக வந்தவை. யோசனை இன்றும் சரியானதுதான். ஆனால் முடிவெடுப்பது அதிகாரி என்றால் உறுப்பினர் அதை ஓர் அரசு அலுவலகமாகத்தான் பார்ப்பார். அதனால்தான் எனக்கு உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவம் பிடிக்கும். பங்கும் வாக்கும் விளைவிப்பவரிடமே இருக்கும். 2020-இல் வந்த ஒன்றிய அரசின் திட்டத்தில் இப்படி ஒரு நிறுவனம் தொடங்கச் சமவெளியில் 300 பேர் வேண்டியிருந்தது. மலைப்பகுதியில் 100 பேர் போதுமானதாக இருந்தது. உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை மானியமும் இருந்தது.

எங்களைக் கிட்டத்தட்ட மூழ்கடித்தது நூறு கிராம் பாக்கெட். சொந்தப் பிராண்டு என்ற ஆசையில் அச்சடித்த உறைகள் இரண்டு ஆண்டு அலமாரியில் கிடந்தன. மொத்தமாக விற்றுப் பழகாதவர்கள் சில்லறைக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி, மறுப்பவர்கள் உண்டு.

நீங்களே சங்கம் தொடங்கப் போகிறீர்கள் என்றால், பதிவு அலுவலகத்துக்கு ஓடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஊரில் எத்தனை வீட்டுக் கொடி குத்தகைக்குப் போயிருக்கிறது, யாரிடம், எவ்வளவு முன்பணத்துக்கு என்று எழுதுங்கள். எங்களுக்கு அதை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. முதல் தடவை கேட்டபோது ஒருவர்கூட உண்மைத் தொகையைச் சொல்லவில்லை.