எதிர் வீட்டு ஏணி

அன்புள்ள ஐயா,

சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. தெருவில் 22 வீடுகள். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா இறந்துபோனது, வாசலில் பந்தல் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தாராம், ஒரு சுவர் தள்ளி. அன்றிலிருந்து மனசு சரியில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவ ஏணி வாங்கினேன். மாடியிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டுச் சுவரிலும் அதே மாதிரி ஏணி சாய்ந்திருக்கிறது. மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் வண்டியெல்லாம் எங்கள் தெருவுக்குள் வந்துவிடுகின்றன. வாசலில் நின்று பேச முடிவதில்லை. அப்பா காலத்துத் தெரு இனி வரவே வராதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் அந்த ஏணியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. வருடத்தில் இரண்டு தடவை எடுக்கிற பொருள். அதை ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறோம். போர், இன்வெர்ட்டர், ஏணி என்று ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது, யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத நிலைக்கு வந்துவிடுகிறோம். தெரு உறவு அங்கேதான் அறுகிறது என்று நினைக்கிறேன். மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் தரை தெரியக் கிடந்தன. அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். தெருவில் போர் ஒவ்வொன்றாக வற்றியது. வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் குழாய் இறக்கியிருந்தாலும் அடியில் இருந்தது எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எதிர்ச்சாரியில் ஒரு அக்கா, காலை ஷிஃப்டுக்குப் போகிறவர், விடிவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நீலப் பிளாஸ்டிக் குடங்கள், கழுத்தில் சிவப்புத் துணி முடிந்திருக்கும். அந்தத் துணி இருந்தால் அவரே நிற்கிற மாதிரி. வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அவர் குடங்களையும் நகர்த்தி வைப்பார், அவர் முறை வந்தால் பிடித்தும் வைப்பார். சாயங்காலம் அவர் திரும்பும்போது வாசல்படியில் நிறைகுடங்கள் தட்டுப் போட்டு மூடியிருக்கும். எட்டு வருடம் ஒரே தெருவில் இருந்தோம், அவர் பெயர் எனக்கு அந்த ஜூன் மாதம்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று என் மனைவி அதில் அடை இரண்டு வைத்தாள். இந்த வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நல்ல ஏற்பாடு! கொடுத்ததும் வாங்கியதும் ஒருநாளும் நேராவதில்லை. கணக்கு முடியாததால் போக்குவரத்தும் நிற்பதில்லை. மழை வந்து லாரி நின்றது, கிண்ணம் நிற்கவில்லை.

அப்பா காலத்துத் தெரு வர வேண்டும் என்று மட்டும் நான் ஆசைப்பட மாட்டேன். நான் வளர்ந்தது திருநெல்வேலி டவுனில் ஒரு வளவில். ஆறு வீடு, ஒரு கிணறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து எந்த அடுப்படியிலும் உட்கார்ந்து சாப்பிடலாம், எல்லோரும் அத்தை, சித்தி, பெரியம்மாதான். ஆனால் அங்கே கக்கூஸ் கழுவ வந்த அம்மா அந்தக் கிணற்று வாளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாராவது மேலிருந்து ஊற்ற, குனிந்து கையேந்திக் குடிப்பார். அவருக்கு என்ன முறை சொல்லிக் கூப்பிட்டோம் என்று யோசிக்கிறேன். ஒன்றும் இல்லை. லாரி வரிசையில் குடத்துக்குப் பின்னால் குடம்தான். யார் எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தத் தெரு.

வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது சின்ன விஷயமே இல்லை. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர அமைப்பு ஆய்வாளர் ஒன்றுபோல் இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் சுமார் 16,000, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. எது உங்கள் இடம் என்று படத்தில் வரைந்து காட்டச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வளைத்தார்கள். வண்டி நிறைந்த தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக உங்கள் தெருக்காரர்கள் ஒட்டாதவர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நிற்க இடம் இல்லாமல் எங்கே பேசுவது? திண்ணை இருந்த இடத்தில் இப்போது கேட்டும் காரும் இருக்கின்றன.

அதனால் ஒரு வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதுங்கள். 22 வீட்டுக் கையெழுத்தும் வேண்டும், நீங்களே நடந்து போய் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பழைய ஆட்கள் இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் பகுதி மூழ்கிக் கிடந்த நாட்கள் அவை. யார் வீட்டு மொட்டைமாடியில் யார் தங்கினார்கள், யார் அடுப்பில் யாருக்குச் சோறு வெந்தது என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த தடவை தொட்டி கழுவும்போது ஏணியைக் கீழே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், இல்லையா? எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். அவருக்கும் அதே கூச்சம்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்கு மட்டும் மனுவோடு போகாதீர்கள். அங்கே அதற்கு முன்பே ஒரு நாள் சாயங்காலம், உங்கள் வீட்டில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு சும்மா போங்கள். தெரியாமல் போய்விட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.