முழங்கால் வலியும் காட்டுப் பாதையும்

வணக்கம் சார்,

செம்பூரில் பல வருஷமாக இருக்கிறோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 63. முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் நிறைய நடங்கள், படிக்கட்டைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். மழைக்காலம் வந்தால் என் மகளும் அவள் தோழிகளும் மலையும் கோட்டையுமாக ஏறுகிறார்கள். கல்சுபாய், ஹரிச்சந்திரகட் என்று அவள் காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் காட்டுக்குள் நடக்கும் ஆசை வந்துவிட்டது. "உனக்கு அதெல்லாம் முடியாதும்மா, கார்டனில் நட" என்கிறாள். மும்பைக்குப் பக்கத்தில் மரமும் ஏரியுமாக, ஏற்றம் அதிகமில்லாத பாதைகள் உண்டா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அவரையும் கூட்டிப் போகவேண்டும். நாங்கள் அப்படி நடப்பது ட்ரெக்கிங்தானா, வெறும் வாக்கிங்கா?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள அம்மா,

நீங்கள் தாராளமாகக் காட்டுக்குள் நடக்கலாம். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கவலையே வேண்டாம். செங்குத்தான கோட்டைப் பாதையில் ஏறுகிறவரின் கண் பெரும்பாலும் அடுத்து கால் வைக்கவேண்டிய கல்லின் மேல்தான் இருக்கும். சமமான பாதையில் தலையை நிமிர்த்தி நடக்கலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம். குருவி எந்தக் கிளையிலிருந்து கூப்பிடுகிறது என்று தேடலாம். காட்டைப் பார்ப்பதற்கு உயரம் தேவையில்லை, நேரம்தான் தேவை என்பது என் உறுதியான எண்ணம். உங்களிடம் நேரம் இருக்கிறது.

முழங்கால் பற்றி ஒன்று. மலை நடைக்கு நேரம் கணக்கிட ஸ்காட்லாந்துக்காரரான நைஸ்மித் 1892-ல் ஒரு வழி சொன்னார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இன்றும் பயன்படுகிற கணக்குதான். ஆனால் உங்களுக்கு அது போதாது, ஏனென்றால் தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. அதனால் யாரிடமாவது பாதை விசாரிக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, திரும்பி வரும்போது எவ்வளவு இறங்கவேண்டும் என்றும் கேளுங்கள். படியா, சரிவா, சரளைக் கல்லா என்றும் கேளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம். சயானிலிருந்து பாந்த்ரா போகிற லிங்க் ரோட்டில், தாராவியை ஒட்டி மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. 37 ஏக்கர். ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிய இடம் அது. அந்தக் குப்பைமேட்டில் மரம் நட்டு வளர்த்து 1994-ல் மக்களுக்குத் திறந்தார்கள். தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களில் பலர் அந்த கேட்டுக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். உள்ளே நிழலான மண்பாதை, மழைநீர் சேரும் குளம், ஒரு பக்கம் மித்தி ஆறும் அதன் சதுப்புக் காடும். ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். மறுநாள் முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்ததை முடிவு செய்யலாம்.

அந்த மித்தி ஆறு விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற நீரில் பிறப்பது. விஹார் ஏரி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இருக்கிறது, நான் சொல்ல வந்த அடுத்த இடமும் அதுதான். 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு ஒரு பெருநகரத்தின் எல்லைக்குள்ளேயே இருப்பது சாதாரண விஷயமில்லை. போரிவலி கிழக்கில் மெயின் கேட். திங்கட்கிழமை விடுமுறை. அங்கிருந்து கான்ஹேரி குகைகள் வரை ஆறேழு கிலோமீட்டர் தார் ரோடு, பெரும்பகுதி நிழல். துளசி ஏரிப் பக்கம் பிறந்து வருகிற தஹிசர் ஆறு தொடக்கத்தில் கூடவே வரும். முழுதும் நடக்கவேண்டும் என்றில்லை. முடிந்தவரை நடந்துவிட்டுப் பூங்கா வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

குகைகளில் மேலே போகப் பாறையில் வெட்டிய படிகள் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். நுழைந்ததும் கீழேயே பெரிய சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடம், இருக்கிறது, அதைப் பார்த்தாலே வந்ததற்குப் போதும். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்கே. பலவற்றின் பக்கத்திலும் பாறையைக் குடைந்து தண்ணீர்த் தொட்டி அமைத்திருக்கிறார்கள். மலைமேல் விழுகிற மழையைச் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி அதில் சேர்த்து, கோடை முழுக்கப் பிக்குகள் குடித்திருக்கிறார்கள்.

விஹார் ஏரி 1860-லும் துளசி ஏரி 1879-லும் மும்பையின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டவை. இன்றும் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் அவை இரண்டும் உண்டு. அதனால் கரைக்குப் போக யாரையும் விடுவதில்லை. "ரகசிய வழி காட்டுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அது நாம் குடிக்கிற தண்ணீர். விஹாரிலும் பவாயிலும் முதலைகள் வேறு இருக்கின்றன. இன்னும் உள்ளே நடக்க ஆசை வந்தால் ஷிலோண்டா என்றொரு ஓடைக்கரைப் பாதை உண்டு. வனத்துறை அனுமதியும் கைடும் வேண்டும். சிறுத்தை வாழும் காடு, எனவே இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. விடியுமுன்னும் இருட்டிய பிறகும் உள்ளே இருக்கவேண்டாம், கூட்டத்தை விட்டுத் தனியாகவும் ஒதுங்கவேண்டாம்.

அந்தக் காட்டில் கார்வி என்ற புதரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் இதற்கு எட்டு. 2016-லும் 2024-லும் மலை முழுக்க ஊதாவாகப் பூத்தது, அடுத்தது 2032. பூக்காத வருஷங்களிலும் அதைக் கவனிக்கலாம். அந்தக் குச்சிகளை நெருக்கமாகக் கட்டிச் சாணமும் மண்ணும் பூசித்தான் வார்லி பழங்குடி மக்கள் வீட்டுச் சுவர் எழுப்பினார்கள். கடையில் நாம் வாங்கும் வார்லி ஓவியம் முதலில் அந்தச் சுவரில் அரிசி மாவால் வரைந்ததுதான்.

நேச்சர் பார்க்கும் போரிவலிக் காடும் பழகிய பிறகு மாத்தேரான் போங்கள். நீங்கள் கேட்ட மரமும் ஏரியும் ஒன்றாக அமைந்த இடம் அதுதான். சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் உச்சி தட்டையானது, அதனால் மேலே போய்விட்டால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கார், பைக்குகளுக்கு அனுமதி கிடையாது, ஹாரன் சத்தமே இல்லாமல் ஒரு நாள் முழுக்க நடக்கலாம். குர்லாவில் மாறி கர்ஜத் லோக்கலில் நேரல் இறங்குங்கள். 1907-ல் ஓடத் தொடங்கிய குட்டி ரயில் அங்கிருந்து 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும். வண்டிகள் சிலதான், டிக்கெட் கிடைப்பதும் கஷ்டம், மழை மாதங்களில் கீழிருந்து ஓடாது. கிடைக்காவிட்டால் ஷேர் டாக்ஸியில், வண்டிகள் நின்றுவிடும் தஸ்தூரி வரை போகலாம். அங்கிருந்து பஜாருக்கு இரண்டரை கிலோமீட்டர் போல, நடக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஷட்டில் ரயில் உண்டு. உங்கள் காலைச் சார்லட் ஏரிப் பாதைக்காக மிச்சம் வைப்பதே நல்லது.

அந்தப் பாதை செம்மண் பாதை. முழங்காலுக்குத் தார் ரோட்டைவிட அது இதமாக இருக்கும். இரண்டு பக்கமும் நாவல் மரமும், மராட்டியில் அஞ்சனி என்கிற காயாவும். ஆம், பெருமாளை வர்ணிக்கிறோமே, அந்தக் காயாம்பூதான். வேனிலில் போனால் கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். பார்க்காதவர்களுக்கு அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. ஏரி சின்னதுதான். ஊருக்குக் குடிநீர் என்பதால் இறங்கிக் குளிக்கக்கூடாது. கரையில் பிசர்நாத் கோயில், அங்கே உட்காரலாம். பக்கத்திலேயே எக்கோ பாயிண்ட், லூயிசா பாயிண்ட் எல்லாம் வரும். விளிம்பில் மண் உதிரும், தடுப்பைத் தாண்டவேண்டாம்.

எப்போது போவது? உங்கள் மகள் போகிற ஜூலை, ஆகஸ்ட் உங்களுக்கு வேண்டாம். பாசி பிடித்த பாறையும் செம்மண் சேறும் சேர்ந்தால் நல்ல முழங்காலே வழுக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பச்சை மாறாமல் இருக்கும், காசித்தும்பை வழியெல்லாம் பூத்திருக்கும், ஆனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி நடக்க மிகவும் சுகம். எந்த மாதமானாலும் சனி ஞாயிறு மாத்தேரான் போகாதீர்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு செவ்வாயும் புதனும் இருக்கிறது.

கையில் ஒரு தடி கட்டாயம். இறக்கத்தில் ஓரளவு பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் புதுச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வரவேண்டாம், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சின்னக் கொப்புளமும் ஆபத்து. திரும்பியதும் பாதத்தைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிட ஏதாவது எடுத்துப் போங்கள், ஆனால் மாத்தேரானிலும் போரிவலியிலும் குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே பறித்துவிடும். துணிப்பையில் போட்டு ஜிப் உள்ள தோள்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே வாயில் போட இரண்டு மிட்டாய் மட்டும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். மகளையும் ஒருமுறை உங்களோடு வரச் சொல்லுங்கள், உங்கள் வேகத்தில்.

அன்புடன்.