வோலோஸ், பெலியோன் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். கிரேக்கப் பயணம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்தேன். வரும் அக்டோபரில் நானும் மனைவியும் பத்து நாள் கிரீஸ் போகிறோம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஓய்வுபெற்றதும் பார்த்துவிட வேண்டும் என்று மனதில் வைத்திருந்த நாடு அது. நீங்கள் ஏதென்ஸை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, வோலோஸ் என்ற துறைமுக ஊரையும் அதன் பின்னால் உள்ள பெலியோன் மலையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். மகள் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, வெறும் அபார்ட்மென்ட் கட்டடமா இருக்கு, பழசுன்னு ஒண்ணுமே இல்ல, சான்டோரினி போங்க" என்கிறாள். வெள்ளத்தில் ஊர் பாழானது, கடலில் டன் கணக்கில் மீன் செத்து மிதந்தது என்றும் செய்தியில் படித்தேன். மனைவி சைவம். நான் குடிப்பதில்லை. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. மூன்று நாளை அங்கே கொடுக்கலாமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

கொடுங்கள். நான்கு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மகள் சொன்னதில் தப்பில்லை. 1955 ஏப்ரலில் வந்த பூகம்பங்களில் பழைய வோலோஸின் பெரும்பகுதி விழுந்துவிட்டது. இன்று கடற்கரையை ஒட்டி நிற்பவை அதற்குப் பிறகு கான்கிரீட்டில் எழுந்த கட்டடங்கள்தான். ஏதென்ஸிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கியதும் எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. மறுநாள் காலை மலைக்குப் போன பிறகுதான் ஊர் புரிந்தது. அதனால் உங்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். வோலோஸை முதலில் மேலிருந்து பாருங்கள். அப்புறம் மலையிலிருந்து நடந்து ஊருக்குள் இறங்குங்கள்.

வோலோஸிலிருந்து மக்ரினிட்சா என்ற மலைக் கிராமத்துக்கு பஸ் இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும். கிராமத்துச் சதுக்கத்தில் பெரிய பிளேன் மரங்கள், அவற்றின் நிழலில் பளிங்கில் செய்த ஒரு நீர்த்தொட்டி, பக்கத்தில் கைக்கடக்கமாக ஒரு சின்ன தேவாலயம். வீடுகளின் கூரையெல்லாம் சாம்பல் நிறக் கல்தகடுகள். சதுக்கத்தின் விளிம்பில் போய் நின்றால் கீழே வோலோஸ் முழுக்கத் தெரியும். அதற்கப்பால் பகசிட்டிக் வளைகுடா. சுற்றிலும் நிலம் அணைத்துக்கொண்டு கிடப்பதால் கடல் என்றே தோன்றாது, ஏரி மாதிரி அசையாமல் இருக்கும்.

நீங்கள் வரலாறு நடத்தியவர், ஆர்கோ கப்பலின் கதை தெரிந்திருக்கும். கிரேக்கப் புராண வீரன் ஜேசன் அந்தக் கப்பலில் பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் புறப்பட்டது இயோல்கோஸ் என்ற ஊரிலிருந்து. அது இன்றைய வோலோஸை ஒட்டிய இடம். கப்பலுக்கு மரம் பெலியோனில் வெட்டியது. யூரிப்பிடிஸின் மெடியா நாடகம் தொடங்குவதே, பெலியோன் பள்ளத்தாக்கில் அந்தப் பைன் மரம் விழாமலே இருந்திருக்கக் கூடாதா என்ற செவிலியின் புலம்பலில்தான். புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு வெறும் பெயராக இருந்தது. அந்த விளிம்பில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் காடு, காலுக்குக் கீழே துறை. மரம் மேலே, தண்ணீர் கீழே. கப்பல் கட்டுகிறவன் வேறெங்கே போவான்?

டிராய்ப் போரில் அகிலீஸ் ஏந்திய ஈட்டியும் இந்த மலையின் மரம்தான். அவன் தந்தை பீலியூஸுக்குக் கைரோன் கொடுத்தது. இடுப்புக்குக் கீழே குதிரையும் மேலே மனிதனுமான கைரோன், பெலியோனில் ஒரு குகையில் இருந்துகொண்டு ஜேசனுக்கும் அகிலீஸுக்கும் மருத்துவக் கடவுளான அஸ்கிலிபியஸுக்கும் பாடம் சொன்ன ஆசிரியன். ஹெராக்கிளிஸின் நச்சு அம்பு தவறிப்போய் அவன்மேல் பட்டது. சாவே இல்லாதவன், வலியும் தீரவில்லை. உலகத்துக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தவனால் தன் புண்ணை ஆற்ற முடியவில்லை. கடைசியில் சாகாவரத்தை விட்டுக்கொடுத்து இறக்கிறான். கிரேக்கக் கதைகளில் என்னை இந்த அளவுக்கு வருத்தியது வேறில்லை. மக்ரினிட்சா கடைத்தெருவில் மூலிகைக் கட்டு விற்கும் ஓர் அம்மா, காய்ந்த மலைத்தேயிலைக் கொத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரலால் கசக்கிக் காட்டினார். எலுமிச்சைத் தோலும் வைக்கோலும் கலந்த மாதிரி வாசனை. கைரோனின் மாணவர்கள் இதைத்தானே முதலில் கற்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி இறங்குவது. காடு, தோட்டம், வீடுகள் வழியாக இறங்கும் பழைய கல்பாதைகளுக்குக் கால்தெரிமி என்று பெயர். கோவேறு கழுதைகளுக்காகப் போட்டவை. சில அடிக்கு ஒரு கல்வரிசையைக் குறுக்கே சற்று உயர்த்திப் பதித்திருப்பார்கள், சுமையோடு இறங்கும் குளம்பு வழுக்காமல் இருக்க. நம் காலுக்கும் அதே வரிசைதான் பிடி. நாங்கள் நிதானமாக இறங்கினோம், மூன்று மணி நேரம் ஆனது. கீழே அனகாசியாவில் கோண்டோஸ் வீட்டைக் கட்டாயம் பாருங்கள். மாடிச் சுவர்கள் முழுக்க 1912இல் தியோஃபிலோஸ் வரைந்த ஓவியங்கள். லெஸ்போஸ் தீவில் பிறந்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கூட இந்த மலைக்கிராமத்துச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த மனிதர் அவர். குதிரைகளும் விடுதலைப் போர் வீரர்களும் பூந்தொட்டிகளும் அவ்வளவு பளிச்சென்ற நிறத்தில். ஊர்க்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். ஏணியில் நின்று வரைந்துகொண்டிருந்தவரை விளையாட்டுக்கு யாரோ கீழே விழவைத்ததாகவும், அந்த மனக்கசப்பில்தான் 1927இல் தீவுக்குத் திரும்பிப் போனதாகவும் சொல்வார்கள். அந்த அறையில் நிற்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

ரயில் பிரியர் என்றால் இன்னொரு நாள். 60 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் வோலோஸிலிருந்து மிலியெஸ் வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. மலைப்பகுதியைப் போட்ட பொறியாளர் எவரிஸ்டோ டி கிரிகோ. ஓவியர் ஜியார்ஜியோ டி கிரிகோவின் அப்பா. ஓவியர் 1888இல் வோலோஸில்தான் பிறந்தார். அவர் படங்களில் தொலைவில் புகைவிட்டுப் போகும் அந்தச் சின்ன ரயில் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1971இல் நிறுத்திய பாதையில், மேல் லெஹோனியாவிலிருந்து மிலியெஸ் வரை மட்டும் 1996 முதல் சுற்றுலா ரயில் விட்டார்கள். மிலியெஸுக்கு முன்னால் ஒரு இரும்புப் பாலம், பாலம் நேர், அதன்மேல் தண்டவாளம் வளைவு! ரயில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றிக் கேட்டீர்கள். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் வந்தபோது பெலியோனின் மறுபக்கத்தில் உள்ள ஸாகோரா கிராமத்தில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏதென்ஸில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே 400 மில்லிமீட்டர் அளவுதான். வோலோஸ் மக்கள் நாள்கணக்கில் குடிநீர் இல்லாமல் தவித்தார்கள். மீன் கதை இதன் தொடர்ச்சி. வோலோஸுக்கு வடக்கே உள்ள சமவெளியில் கார்லா என்று ஒரு ஏரி. விவசாய நிலத்துக்காக 1962இல் அதை வற்றடித்தார்கள். பிற்பாடு ஒரு பகுதியை மட்டும் மீண்டும் நிரப்பினார்கள். புயலில் ஏரி தன் பழைய இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. நன்னீர் மீன் பெருகியது. நீர் வடிந்தபோது, 2024 ஆகஸ்டில், அந்த மீன்கள் வாய்க்கால் வழியே வளைகுடாவுக்குள் தள்ளப்பட்டு உப்புநீரில் செத்தன. 100 டன்னுக்கு மேல் அள்ளினார்கள். ஏரியைத் தூர்த்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காரணத்துக்காக வோலோஸைத் தவிர்க்காதீர்கள். அடிபட்ட ஊருக்கு வருகிறவர்கள் வேண்டும்.

சாப்பாடு. வோலோஸின் பெருமை சிபுரோ என்ற சாராயம் விற்கும் கடைகள். 1922இல் சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்டு வந்த கிரேக்க அகதிகள் துறைமுகத்தில் வேலை செய்தார்கள், அவர்களோடு வளர்ந்த பழக்கம் இது. சாராயம் ஒரு சின்னப் புட்டியில் வரும், கூடவே ஒரு தட்டு, அடுத்த புட்டிக்கு வேறொரு தட்டு. குடிக்காதவர்கள் தட்டுகளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்குப் பெரிய வெள்ளை பீன்ஸ், வேகவைத்து எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை, அப்புறம் சிசிராவ்லா. காட்டுப் பிஸ்தா மரத்தின் இளந்தளிரை வினிகரில் போட்ட ஊறுகாய். கடித்ததும் புளிப்பு, உப்பு, அதன் பின்னால் மெல்ல ஒரு பிசின் வாசனை. மாவடு கடிக்கும்போது காம்புப் பக்கம் வருமே, கிட்டத்தட்ட அது. நாங்கள் இரண்டு பாட்டில் வாங்கி வந்தோம், ஒரு மாதம் கூட வரவில்லை.

பழசே இல்லை என்ற மகளுக்கு திமினியைக் காட்டுங்கள். ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில், கற்காலக் குடியிருப்பின் வட்டவட்டமான கல்சுவர்கள். ஒரு மணி நேரம் போதும்.

அக்டோபர் நல்ல மாதம். மலையில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள், கடைசி வாரம் என்றால் செஸ்ட்நட்டும் உதிரும். ஒன்று மட்டும் கவனம். நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு கால்தெரிமிக் கற்கள் வழவழவென்று ஆகியிருக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் நடக்க வேண்டாம், பஸ்ஸிலேயே இறங்கிவிட்டு மறுநாள் மேலே போய் நடந்து வாருங்கள். அடிப்பாகம் தேயாத ஷூ, மனைவிக்கு ஒரு கைத்தடி. பாதித் தூரத்தில் எங்காவது உட்கார்ந்து சாப்பிட ரொட்டியும் ஆலிவும் மக்ரினிட்சாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நடுவழியில் கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அன்புடன்.