வருட பாஸ் கட்டுப்படியாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சில வருடங்களாக அக்டோபர் என்றாலே அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் விலையேற்றும் மாதம் என்று ஆகிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் வருட பாஸைப் பற்றித்தான். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்லும் பாஸ், டிக்கெட் விலைகள் 2024 அக்டோபரில் அறிவித்தவை, இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். வரி தனி.

டிஸ்னி ஆன்யுவல் பாஸ் எவ்வளவு? வாங்கலாமா?

எந்த டிஸ்னி? நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்? வருடத்தில் எத்தனை நாள் போவீர்கள், வார நாளா வார இறுதியா? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் "வாங்கலாமா" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஃப்ளோரிடாவில் (வால்ட் டிஸ்னி வேர்ல்டு) மாநிலவாசி அல்லாத பொதுமக்கள் வாங்கக்கூடியது 1,550 டாலர் இன்க்ரெடி-பாஸ் ஒன்றுதான். அங்கேயே குடியிருப்பவருக்கு 470 டாலரில் பிக்ஸி டஸ்ட் என்ற பாஸ் இருக்கிறது. ஆனால் அதில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் எல்லாம் அடைபட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் (டிஸ்னிலேண்ட்) பாஸுக்குக் 'கீ' என்று பெயர்; 600 டாலர் இமேஜின் கீ தென் கலிஃபோர்னியாக்காரர்களுக்கு மட்டும். உச்சியில் இருப்பது 1,750 டாலர் இன்ஸ்பயர் கீ. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன் நான் எப்போதும் சொல்வதைச் செய்யுங்கள்: பாஸ் செல்லாத நாட்களைக் காட்டும் பிளாக்அவுட் காலண்டரைத் திறந்து, உங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிஸ்னிலேண்டில் ஒரு நாள் டிக்கெட் 206 டாலர். இன்ஸ்பயர் கீ 1,750. ஒன்பது தடவை போனாலே போட்ட காசு வந்துவிடுகிறதே, பிறகு ஏன் எல்லோரும் விலை அதிகம் என்கிறார்கள்?

கணக்கு போட்டுப் பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் வகுத்த எண் தவறு. 206 டாலர் என்பது கூட்டம் நெரியும் ஒருசில நாட்களின் விலை. அந்த நாட்களில் முக்கியமானவை கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வருபவை, அப்போதுதான் இன்ஸ்பயர் கீ செல்லாது. உங்கள் பாஸால் உள்ளே போக முடியாத நாளின் விலையைக் கொண்டு பாஸின் லாபத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். கூட்டம் குறைந்த நாளில் அதே நுழைவு 104 டாலர். நடுத்தரமாக 150 என்று வைத்தால்கூட பன்னிரண்டு தடவை போக வேண்டும். வெறிச்சோடிய செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் போகிறவர் என்றால் பதினேழு தடவை. பல நாள் டிக்கெட் வாங்கினால் நாள் கணக்கு இன்னும் இறங்கும். ஒரே நாளில் இரண்டு பூங்காவுக்கும் போவதும் பார்க்கிங்கும் இன்ஸ்பயரில் அடக்கம் என்பதைப் பாஸின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நியாயம். ஆனால் 206-ஐ மறந்துவிடுங்கள்.

குழந்தைக்கு இரண்டரை வயது. அவளுக்கும் பாஸ் வேண்டுமா?

மூன்று வயது முடியும்வரை டிஸ்னியில் இலவசம். மூன்று முடிந்ததும் பெரியவர்களுக்கு என்ன விலையோ அதேதான். ஒரு நாள் டிக்கெட்டில் குழந்தைக்குச் சற்றுக் குறைவு உண்டு, வருட பாஸில் கிடையாது. நால்வர் குடும்பத்துக்குக் கணக்குப் போடும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

பாஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமைக்கு ரிசர்வேஷன் கிடைப்பதே இல்லை. பிளாக்அவுட் நாளும் இல்லை. நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா?

இல்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. இதே கேள்வி ஐந்தாறு கடிதங்களில் வந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் டிஸ்னிலேண்ட் மூடியது. 2021 ஜனவரியில் பழைய வருட பாஸ் திட்டத்தையே கலைத்தார்கள். அந்த ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற பெயரில் புதிதாகக் கொண்டுவந்தபோது, இடையில் ஒரு பூட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்: பாஸ் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வருகைக்கும் ரிசர்வேஷன் வேண்டும். அந்த ரிசர்வேஷன் இருப்பைப் பொறுத்தது. பாஸ் வைத்திருப்பவர்களுக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பாஸ்காரர்களுக்கு இடம் தீர்ந்த அதே சனிக்கிழமைக்கு ஒரு நாள் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்து எரிச்சலடைந்தது அதுதான்.

முதல் வருடம் உச்சியில் இருந்த ட்ரீம் கீயின் விலை 1,400 டாலர். பிளாக்அவுட் நாளே கிடையாது என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர்கள் நவம்பர் மாதத்து நாட்களுக்கு முயன்றபோது ரிசர்வேஷன் இல்லை. ஒருவர் வழக்குப் போட்டார், அது அத்தனை ட்ரீம் கீகாரர்களின் சார்பான வழக்காக வளர்ந்தது. 2023-இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கேட்கப் பெரிய தொகை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 67 டாலர் அளவில்தான் வந்தது, பாஸ் விலையில் ஐந்து சதவீதம்கூட இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2022 ஆகஸ்டில், ட்ரீம் கீயை எடுத்துவிட்டு இன்ஸ்பயர் கீயை வைத்தார்கள். விலை 200 டாலர் கூடுதல், கிறிஸ்துமஸ் வாரமும் போயிற்று.

அதே மாதம் வெளியான காலாண்டு அறிக்கையில், டிஸ்னிலேண்டுக்கு வருகிறவர்களின் கலவை தமக்குச் சாதகமாக இல்லை என்று நிறுவனம் குறிப்பிட்டது. அதைப் படித்த பாஸ்காரர்கள் அது தங்களைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர் ஓட்டலில் தங்குவார், மூன்று வேளையும் உள்ளேயே சாப்பிடுவார், பை நிறைய வாங்கிப் போவார். வாரம் தவறாமல் வருகிறவர் மாலையில் வந்து இரண்டு ரைடு ஏறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். கூட்டம் இல்லாத காலத்தில் பூங்காவை நிரப்பிக் கொடுத்தது இந்த இரண்டாமவர்தான். கூட்டம் வழியத் தொடங்கியதும் அவரையே வடிகட்டுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்குக் காரணம், விலையேற்றம் என்றதும் நாம் டாலரை மட்டும் பார்க்கிறோம், அதே அளவு ஏற்றம் விதிகளுக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதுதான்.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் 2015-ஐப் பாருங்கள். அந்த அக்டோபரில் 1,050 டாலருக்கு சிக்னேச்சர் பிளஸ் வந்தது. பாஸ் விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதே என்று அன்றைக்குப் பெரிய கூச்சல். ஆனால் அதில் வருடத்தின் எல்லா நாளும் அனுமதி, பார்க்கிங் உண்டு, போட்டோக்கள் உண்டு, ரிசர்வேஷன் என்ற பேச்சே கிடையாது. இன்றைய இன்ஸ்பயர் கீக்கு நிகரானது அதுவல்ல, அதற்கு ஒரு படி கீழே இருந்த சிக்னேச்சர். கிறிஸ்துமஸ் சமயத்து இரண்டு வாரம் தவிர மற்றபடி எல்லாம் உண்டு, விலை 850. ஆகவே 850 டாலர் 2024-க்குள் 1,750 ஆகிவிட்டது. ஒன்பது வருடத்தில் இரண்டு மடங்கு, ரிசர்வேஷன் பூட்டு அதற்கு மேல். "ஆயிரத்திலிருந்து ஆயிரத்து எழுநூறு" என்று சொல்வது ஏற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறது.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். இன்ஸ்பயரில் ஒரே நேரத்தில் ஆறு ரிசர்வேஷன் வரை வைத்துக்கொள்ளலாம், இமேஜினில் இரண்டுதான். மாதத் தொடக்கத்திலேயே வேண்டிய சனிக்கிழமைகளைப் பிடித்துவிடுங்கள். முந்தின நாள் இரவு பலர் ரத்து செய்வார்கள், அப்போது ஒரு தடவை பாருங்கள். போக முடியாவிட்டால் நீங்களும் முந்தின இரவுக்குள் ரத்து செய்துவிடுங்கள். 90 நாளில் மூன்று முறை பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் 30 நாள் புதிய பதிவு கிடையாது என்பதுதான் மேஜிக் கீ தொடங்கியபோது வைத்த விதி. ஃப்ளோரிடாவில் நிலைமை சற்றுத் தேவலை. 2023 ஏப்ரலிலிருந்து பாஸ்காரர்கள் பிற்பகல் 2 மணிக்கு மேல் ரிசர்வேஷன் இல்லாமல் நுழையலாம். மேஜிக் கிங்டமில் மட்டும் சனி, ஞாயிறு இது செல்லாது.

உணவில் 15 சதவீதம், கடையில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறதே, அதிலேயே பாஸ் காசு திரும்பிவிடாதா?

150 டாலர் மிச்சப்பட வேண்டுமானால் உள்ளே 1,000 டாலருக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். பாஸ் இல்லாவிட்டால் அந்த ஆயிரத்தைச் செலவழித்திருப்பீர்களா? எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளுக்குக் கிடைத்த தள்ளுபடியை மட்டும் கணக்கில் சேருங்கள்.

மாதத் தவணையில் வட்டி இல்லை என்கிறார்கள். உண்மையா? இடையில் நிறுத்திவிடலாமா?

வட்டி இல்லை என்பது உண்மை. கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் அந்தந்த மாநிலவாசிகளுக்கு மட்டும். முன்பணம் கட்டிவிட்டு மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கட்டலாம். இடையில் நிறுத்த முடியாது, பாஸ் முழுத் தொகைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். தவணை தவறினால் பாஸ் முடங்கும், கடன் அப்படியே நிற்கும். சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற வேறொரு பூங்கா நிறுவனத்தின் மெம்பர்ஷிப்பில் இன்னொரு கண்ணி உண்டு: முதல் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு தானாகவே மாதாமாதம் தொடரும், நீங்களாக நிறுத்தும்வரை. "வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது" என்று எழுதியிருந்தவருக்கும் இதே பதில். வாங்கிய அன்றே முடியும் தேதியை போனில் குறித்து வைத்திருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன்!

தவணை வசதி விலையைக் குறைப்பதில்லை, கண்ணில் படாமல் செய்கிறது. "மாதம் ஐம்பது டாலர்தானே" என்று நினைக்கும்போது வருடத் தொகையைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் பாஸ் மட்டும் எப்படி இவ்வளவு மலிவு? தரம் குறைவா?

தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, வியாபார முறை வேறு. ஓரிரு மணி நேரம் காரில் வந்து போகிறவர்களை நம்பியே அந்தப் பூங்காக்கள் நடக்கின்றன. 2022-இல் அவர்களும் டிஸ்னி வழியைப் பார்த்து, சலுகைகளை வெட்டி விலையை ஏற்றினார்கள். 2021-இல் 2 கோடியே 77 லட்சமாக இருந்த வருகை 2 கோடியே 5 லட்சமாகச் சரிந்தது. கூட்டம் குறைந்தாலும் தலைக்கு வரும் வருமானம் கூடி அதை ஈடுகட்டிவிடும் என்று போட்ட கணக்கு அங்கே பலிக்கவில்லை. 2024 ஜூலையில் சீடர் ஃபேர் என்ற இன்னொரு பூங்கா நிறுவனத்துடன் இணைந்தார்கள், நாற்பதுக்கு மேற்பட்ட பூங்காக்கள் ஒரே குடையின் கீழ் வந்தன.

இலையுதிர் காலத்தில் அடுத்த வருட பாஸை வாங்குங்கள். விலை பெரும்பாலும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும், நடப்பு சீசனின் மிச்ச நாட்களும் சேர்ந்து கிடைக்கும். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பூங்கா அடுத்த வருடமும் இருக்குமா என்பதை. மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா 2025 நவம்பரோடு மூடிவிட்டது.

பாஸ் வைத்திருந்தால் வரிசையில் நிற்க வேண்டாமா?

நிற்க வேண்டும். டிஸ்னியில் 1999-இலிருந்து இலவசமாக இருந்த, வரிசையைக் குறுக்கும் ஃபாஸ்ட்பாஸ் போய், 2021-இலிருந்து அதற்குத் தனிக் கட்டணம். இப்போதைய பெயர் லைட்னிங் லேன். யூனிவர்சல் ஒர்லாண்டோவில் உச்சமட்ட பிரீமியர் பாஸுக்கு மாலை 4 மணிக்கு மேல் எக்ஸ்பிரஸ் வரிசை உண்டு.

யூனிவர்சல் பாஸில் எபிக் யூனிவர்ஸ் உண்டுதானே?

ஒர்லாண்டோவில் அந்தப் புதுப் பூங்கா 2025 மே மாதம் திறந்தபோது பாஸில் சேர்க்கவில்லை. தனி டிக்கெட்தான். நீங்கள் வாங்கும் நாளில் பாஸின் பெயரைப் பார்க்காமல், அதற்கடியில் எந்தெந்தப் பூங்கா என்று இருக்கும் வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த வருடம் புதுப்பிக்காமல் விட்டால் பிறகு பாஸே கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2021 நவம்பரில் பிக்ஸி டஸ்ட் தவிர மற்ற பாஸ்களின் புது விற்பனையை நிறுத்தியது. மறுபடி திறந்தது 2023 ஏப்ரலில். அந்த இடைவெளியில் பழைய பாஸ்காரர்கள் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. டிஸ்னிலேண்டிலும் விற்பனை நின்று நின்று திறந்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் 1,500 டாலர் போடாதீர்கள். கடந்த வருடம் எத்தனை நாள் போனீர்கள் என்று ஆப்பிலோ போட்டோக்களிலோ எண்ணிப் பாருங்கள். எட்டுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு போகத் தோன்றினால் ஒரு நாள் டிக்கெட் எடுங்கள். அப்போது விற்பனை திறந்திருந்து, மனமும் இருந்தால், அன்று வெளியே வருவதற்குள் அந்த டிக்கெட் விலையைக் கழித்துக்கொண்டு பாஸாக மாற்றித் தருவார்கள்.

ஒரு வருடம் டிஸ்னி, மறு வருடம் வேறு பூங்கா என்று மாற்றி மாற்றி வாங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கும் சலிப்பதில்லை, பணமும் மிஞ்சுகிறது.

தம்பி ஊரிலிருந்து வருகிறான். என் பாஸை அவனிடம் ஒரு நாள் கொடுத்தனுப்பலாமா?

கூடாது. வாயிலில் உங்கள் போட்டோ திரையில் வரும். பிடிபட்டால் பாஸ் ரத்தாகும், காசு திரும்பாது. தம்பிக்கு டிக்கெட் எடுத்துக்கொடுங்கள்.

டோக்கியோ டிஸ்னிக்கு வருட பாஸ் எங்கே வாங்குவது?

2020-இல் நிறுத்திவிட்டார்கள். மிச்ச நாட்களுக்கு உரிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். தேதி குறித்த டிக்கெட்தான் எடுக்க வேண்டும். விடுமுறை நாட்களுக்குச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.