அப்பாவுக்கு 70 வயது. சரியாகச் சாப்பிடுவதில்லை, எதையும் மறக்கிறார், சட்டென்று எரிந்து விழுகிறார். சாப்பாட்டுக்கும் மனத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. என் அம்மா விஷயத்தில் கண்ணால் பார்த்தேன்.

அப்பா போன பிறகு அம்மா கும்பகோணத்தில் தனியாக இருந்தார். வயது 71. தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பேன், "ஆச்சுடா" என்பார். நானும் நம்பிவிட்டேன். நாலு நாள் லீவில் போனபோதுதான் அந்த "ஆச்சு" என்னவென்று தெரிந்தது. காலையில் டீயும் இரண்டு ரஸ்க்கும். மதியம் ஒரு பிடி ரசம் சாதம். ராத்திரிக்கு மறுபடி டீ. "ஒருத்திக்காக யாருடா குழம்பு வைப்பா?" என்றார். வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிறவர், நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே வந்தார். கேஸை அணைத்தோமா என்று மூன்று தடவை கேட்டார். தொட்டதற்கெல்லாம் அழுகை. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கிறது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

வயசாச்சு, துக்கம் வேறு என்றார்கள் சொந்தக்காரர்கள். டாக்டர் அந்தச் செருப்பு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்: கழன்றதே தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவு 132. பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனாலே குறைவு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சர்க்கரைக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக மெட்ஃபார்மின். அதை நீண்ட காலம் எடுத்தால் உடம்பில் பி12 சேர்வது குறையும். அசிடிட்டிக்குப் போடும் பான்டோபிரசோலும் அப்படித்தான். வயதானால் வயிற்றில் அமிலமே குறைவாகச் சுரக்கலாம், உணவில் இருக்கும் பி12 பிரிந்து வராது. நரம்புகளுக்கு அது இல்லாமல் முடியாது என்பதால் கால் மரத்துப்போகும், மறதியும் மனச்சோர்வும் வரும். கீரை, பயறு எவ்வளவு சாப்பிட்டாலும் இந்தக் குறை தீராது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் பி12 இருக்கிறது.

ஊசி போட்டார்கள். மனச்சோர்வுக்குத் தனியாக மாத்திரையும் தந்தார்கள். அந்த மாத்திரைக்குப் பதில் சாப்பாடு போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாடும் மாறியது. பக்கத்து வீட்டு மாமியும் தனி ஆள்தான். ஒரு நாள் அம்மா குழம்பு, மறுநாள் மாமி கூட்டு என்று ஆரம்பித்த பிறகு பருப்பும் தயிரும் சுண்டலும் தானாகத் தட்டுக்கு வந்தன. மூன்று மாதத்தில் அழுகை நின்றது. கோலம் பெரிதானது. கால் மரப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு வருஷம் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம், பிபி என்று உப்பை அடியோடு விட்டு, நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் பெரியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) இறங்கி, புத்தி குழம்பிவிடலாம். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்பா எடுக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பி12, சோடியம், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.