கேசவன் வணங்கினானா?

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு குருவாயூர் போயிருந்தோம். அங்கே கோயில் யானையாக இருந்த கேசவனின் சிலைக்கு முன்னால் நின்று என் அம்மா, "ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து, சந்நிதியைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கி உயிரை விட்டான்" என்று சொன்னார். விலங்கியல் படிக்கும் என் மகன், "யானைக்கு ஏது பாட்டி பக்தி? அடிச்சுப் பழக்கினதுதான்" என்று சொல்லிவிட்டான். அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. யார் சொல்வது சரி?

வாசகி, கோவை (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

தேதியில் சண்டைக்கு இடமில்லை. கேசவன் இறந்தது 1976 டிசம்பர் 2, குருவாயூர் ஏகாதசி அன்றுதான். அப்போது அவனுக்கு வயது 72 என்பார்கள்.

பட்டினி விஷயத்தில் உங்கள் மகன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் வரும். ஒன்று தேய்ந்தால் பின்னாலிருந்து அடுத்தது தள்ளிக்கொண்டு வரும். அறுபதைத் தாண்டிய யானைக்குக் கடைசிப் பல்லும் தேய்ந்துபோய், பனமட்டையை மெல்லவே முடியாமல் போகும். கேசவனுக்கு நடந்தது இதுதான் என்று சாதிக்கவில்லை. கிழ யானை தின்னாமல் கிடக்க விரதம் தவிர வேறு காரணமும் உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் "அடிச்சுப் பழக்கினது" என்ற ஒரே வரியில் கேசவன் அடங்கமாட்டான். 1921-இல் மலபாரில் நடந்த மாப்பிளா கலவரத்தின்போது நிலம்பூர் கோவிலகத்தார், அதாவது அந்த ஊர் அரச குடும்பத்தார், வேண்டிக்கொண்டு, 1922 ஜனவரி 4 அன்று அவனைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். நடையிருத்துவது என்பார்கள் மலையாளத்தில். அதிலிருந்து 54 வருடம். அவனைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது சாவுக் கதை அல்ல, கால் மடக்கும் கதை. குருவாயூரப்பனின் திடம்பை, அதாவது ஊர்வலத்துக்கு எடுக்கும் உற்சவ மூர்த்தியை, தூக்கி வருகிறவருக்கு மட்டும்தான் முன்னங்காலை மடக்குவானாம். மற்ற யாராக இருந்தாலும் பின்னங்கால் வழியாகத்தான் ஏறவேண்டும். பாகனுக்கும் அதே சட்டம்.

பக்தி என்று உங்கள் அம்மா சொல்வது இதைத்தான். எனக்கு இதில் தெரிவது ஒரு பிடிவாதம். காலையில் குளிப்பது, எங்கே நிற்பது, எப்போது தின்பது என்று எல்லாவற்றையும் அடுத்தவர் முடிவு செய்யும் வாழ்க்கை. அதில் யாருக்கு முன்னங்காலைக் கொடுப்பது என்பதை மட்டும் அவன் தன் கையில் வைத்துக்கொண்டான். (யானைக்கு ஏது கை என்று உங்கள் மகன் கேட்பான். தும்பிக்கை இருக்கிறதே.) அந்தப் பிடிவாதம் சாமி பக்கமாக விழுந்ததால் ஊர் கையெடுத்துக் கும்பிட்டது, 1973-இல் 'கஜராஜன்' என்று பட்டமும் கொடுத்தது.

அதே பிடிவாதம் வேறு பக்கம் விழுந்தபோது பெயர் வேறு. இளவயதில் அவனை 'பிராந்தன் கேசவன்' என்று அழைத்ததாக அங்கே சொல்வார்கள். பிராந்தன் என்றால் பைத்தியக்காரன். ஆண் யானைக்கு மதம் பிடிப்பது இயல்பு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் அந்த நாட்களில், காட்டில் என்றால் இணை தேடி அலையும். கோயில் யானை என்றால் சங்கிலிதான்.

கோயிலுக்குள் கேசவனின் தந்தங்களையும் படத்தையும் பார்த்திருப்பீர்கள். ஏகாதசிக்கு முந்தின நாள் தேவஸ்தானத்து யானைகள் ஊர்வலமாக வந்து அந்தச் சிலைக்கு மரியாதை செய்யும். அடுத்த முறை போனால் மூன்று கிலோமீட்டர் தள்ளி புன்னத்தூர் கோட்டைக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த யானைகள் மற்ற நாட்களில் இருப்பது அங்கேதான். கட்டிய இடத்திலேயே நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும் யானை ஏதாவது கண்ணில் படும். விலங்கியல் படிக்கிறவனுக்கு அது நடனம் இல்லை, கட்டிப்போட்டதன் அழுத்தம் என்று தெரிந்திருக்கும்.

அப்புறம், அம்மாவிடம் பிராந்தன் கேசவன் கதை தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.